இரத்தப் புற்றுநோய் உடலுக்குள் என்ன செய்கிறது? பாலக்கோட்டுத் தாய்மாமனுக்கு ஒரு விரிவான பதில்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். அக்கா மகனுக்கு ஐந்து வயது. மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. முழங்கால் வலிக்கிறது என்று நடக்க மறுக்கிறான். கால்களில் அடிபடாமலே கன்றிப்போன நீலத் திட்டுகள். தருமபுரியில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 5.8, வெள்ளணுக்கள் 42,000, தட்டணுக்கள் (இரத்தத்தை உறையவைப்பவை) 14,000. கூடவே "பிளாஸ்ட் செல்கள் 90 சதவீதம், லுகேமியா என்று சந்தேகம்" (லுகேமியா என்றால் இரத்தப் புற்றுநோய்) என்று எழுதி, பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளணு இவ்வளவு இருந்தும் காய்ச்சல் ஏன் அடங்கவில்லை, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காரணமா, தக்காளிக்கு அடித்த மருந்து காரணமா, சொந்தத்தில் கட்டியது காரணமா, இரத்தம் ஏற்றினால் சரியாகிவிடாதா, பையன் பிழைப்பானா என்பவை அவருடைய கேள்விகள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் இரத்த மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் என் வேலை. ஆகவே பதிலை விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். தட்டணு 14,000, கூடவே காய்ச்சல் என்றால் பையன் இன்றே மருத்துவமனைப் படுக்கையில் இருக்க வேண்டும். பெங்களூருவா சென்னையா என்று உறவினர்கள் கூடிப் பேசி முடிவு செய்வதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். இரத்தமும் தட்டணுவும் ஏற்றி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கியபின் அங்கிருந்தே மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். பயணத்தின் நடுவே மூளையில் இரத்தம் கசிந்தால் எந்தப் பெரிய மருத்துவமனையாலும் ஈடுகட்ட முடியாது.

இரத்தம் ஊறுவது எலும்புக்குள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ எல்லா எலும்புகளிலும் இரத்தத்தை உண்டாக்கும் செம்மஜ்ஜை இருக்கும். பெரியவர்களுக்கு இடுப்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா, மண்டையோடு என்று சில இடங்களில் மட்டும் இருக்கும். வளர்ந்த ஒருவரின் மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். தட்டணுவுக்கு ஏழு முதல் பத்து நாள். கிருமியை விழுங்கிக் கொல்லும் நியூட்ரோபில் என்ற வெள்ளணு இரத்த ஓட்டத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. அதனால்தான் மஜ்ஜை சில வாரம் முடங்கினாலே உடம்பு தடுமாறிவிடுகிறது.

மஜ்ஜையில் எல்லா அணுக்களும் முதலில் முதிராத இளம் செல்களாகத்தான் பிறக்கின்றன. படிப்படியாக முதிர்ந்து, வேலைக்குத் தகுதியானபின்தான் இரத்தத்துக்குள் வருகின்றன. இரத்தப் புற்றுநோயில் ஏதோ ஓர் இளம் செல்லின் மரபணுவில் பழுது ஏற்படுகிறது. அந்தச் செல் முதிர்வதில்லை, தானாகச் சாவதுமில்லை, ஆனால் பெருகுவதை மட்டும் நிறுத்துவதில்லை. ராகி நாற்றங்காலை எண்ணிப்பாருங்கள். நாற்று உரிய நாளில் பிடுங்கி நடப்பட்டுக் கதிர்விட வேண்டும். நாற்று நாற்றாகவே நின்று, நாற்றாகவே பெருகி, வயல் முழுவதையும் அடைத்துக்கொண்டால் கதிருக்கு ஏது இடம்? பரிசோதனைச் சீட்டில் 'பிளாஸ்ட்' என்று எழுதியிருப்பது இந்த முதிராத செல்லைத்தான்.

வெள்ளணு 42,000 இருந்தும் காய்ச்சல் ஏன் என்ற கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. சீட்டில் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் சதவீதக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் அனுப்பியதில் நியூட்ரோபில் 1 சதவீதம் என்று இருக்கிறது. 42,000இல் 1 சதவீதம் 420. சாதாரணமாக 1,500க்கு மேல் இருக்க வேண்டும். 500க்குக் கீழே இறங்கினால் நம் குடலிலும் தோலிலும் சும்மா கிடக்கும் கிருமியே இரத்தத்துக்குள் நுழைந்து ஆளைச் சாய்த்துவிடும். ஆக, பையனுக்கு வெள்ளணு அதிகம் என்பது தோற்றம். உண்மையில் அவனிடம் வேலை செய்யும் வெள்ளணு அநேகமாக இல்லை. சில நோயாளிகளுக்கு மொத்த வெள்ளணுவே 2,000, 3,000 என்று குறைந்து காணப்படும், அதுவும் இதே நோயாக இருக்கலாம். "வெள்ளணு கூடினால்தானே பிளட் கேன்சர்" என்று நினைத்து அப்படிப்பட்ட சீட்டை ஒதுக்கிவைத்த குடும்பங்கள் உண்டு.

மற்ற இரண்டு எண்களும் இதே கதைதான். சிவப்பணு உற்பத்தி நின்றதால் ஹீமோகுளோபின் 5.8. வெளிறிய உள்ளங்கை, இரண்டு படி ஏறினாலே மூச்சிரைப்பு, விளையாடப் போகாமல் சுருண்டு படுப்பது எல்லாம் அதன் விளைவு. தட்டணு இல்லாததால் தோலுக்கடியில் இரத்தம் கசிந்து நீலத் திட்டாகிறது. சட்டையைக் கழற்றி, உடுப்பு இறுக்கும் இடத்தில் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத கடுகளவு சிவப்புப் புள்ளிகள் இருக்கலாம். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம், மூக்கில் நிற்காமல் இரத்தம் வடிவது, கறுப்பு மலம் எல்லாம் இதே காரணத்தால்தான்.

முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் அது தனிக் குழப்பம். பல ஆண்டுகளாக ப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்த மண் இது. பழுப்பேறிய பற்களும் நிமிர முடியாத முதுகும் எத்தனையோ ஊர்களில் கண்முன் இருந்தவை. அந்தத் துயரத்துக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதனால் கால் வலி என்று குழந்தை சொன்னால் "தண்ணீர்தான்" என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. ப்ளோரைடு எலும்பைக் கெடுக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். ஐந்து வயதுப் பிள்ளை நடுராத்திரியில் எழுந்து கால் வலிக்கிறது என்று அழுதால், கூடவே காய்ச்சலும் வெளிறலும் இருந்தால், அது வேறு விஷயம். மஜ்ஜைக்குள் பிளாஸ்ட் செல்கள் நெருக்கியடித்து எலும்பை உள்ளிருந்து அழுத்துவதால் வரும் வலி அது. ப்ளோரைடு நீரால் இரத்தப் புற்றுநோய் வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. உங்கள் கிணற்றின்மீது பழி போட வேண்டாம்.

மஜ்ஜையில் இடம் போதாமல் இந்தச் செல்கள் இரத்தத்தில் கொட்டி, போகும் இடமெல்லாம் குடியேறுகின்றன. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு உப்புகிறது. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறது. சில வகைகளில் ஈறு தடித்துப் பல்லை மூடுகிறது. ஒரு வகையில் நெஞ்சுக்குள் கட்டி வளர்ந்து மூச்சுக்குழாயை நெரிக்கும். பையன் மல்லாந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறான் என்றால் அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மூளையைச் சுற்றியுள்ள திரவமும் ஆண் குழந்தைகளின் விரைகளும் வழக்கமான மருந்து எளிதில் எட்டாத இடங்கள். செல்கள் அங்கே ஒளிந்துகொள்ளும். பிற்பாடு முதுகில் ஊசி போட்டு மருந்து செலுத்துவது இதனால்தான். அந்த ஊசியால் கால் விளங்காமல் போய்விடும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வார். நம்பாதீர்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி நுழைகிறது.

பரிசோதனையில் நாங்கள் பார்ப்பது என்ன என்று சொல்கிறேன். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லின் விளிம்பால் இழுத்தால் மெல்லிய படலம் விழும். உலர்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, ஒரு துளி எண்ணெய் வைத்து, நூறு மடங்கு பெருக்கும் லென்ஸை இறக்குகிறோம். நலமாக இருப்பவரின் இரத்தத்தில் உட்கரு இல்லாத இளஞ்சிவப்பு வட்டுகள் பரவிக் கிடக்கும். இடையிடையே மூன்று நான்கு மடலாகப் பிரிந்த உட்கருவோடு நியூட்ரோபில்கள், அவற்றுக்கு நடுவே ஊதாத் துகள்களாகத் தட்டணுக்கள். லுகேமியா உள்ள குழந்தையின் சில்லில் சிவப்பு வட்டுகள் அருகிப்போயிருக்கும். தட்டணுவைத் தேடி ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நகர்த்தினாலும் ஒன்றிரண்டுதான் அகப்படும். பார்க்கும் இடமெல்லாம் ஒரே அச்சான பெரிய செல்கள் நிற்கும். செல் முழுவதையும் உட்கருவே அடைத்திருக்கும், சுற்றிலும் நீலநிறத்தில் ஓர் இழை மட்டும் மிச்சம். எண்ணிக் கணக்கிடும் எந்திரம் இவற்றைச் சில சமயம் லிம்போசைட் (வழக்கமான வெள்ளணுவில் ஒரு வகை) என்றே எண்ணி அச்சடித்துவிடும். அதனால்தான் விடாத காய்ச்சலோடு இரத்தக் குறைவும் சேர்ந்திருந்தால் எந்திரச் சீட்டோடு நிற்காமல், ஒரு மருத்துவர் கண்ணால் சில்லைப் பார்த்து எழுதிய அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். உங்களுக்கு எழுதித் தந்தவர் அதைச் செய்திருக்கிறார்.

அடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மஜ்ஜை எடுப்பார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். மஜ்ஜையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிளாஸ்ட் இருந்தால் தீவிர வகை என்று உறுதியாகும். அதே மாதிரியில் ப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனையும் குரோமோசோம் சோதனையும் செய்து, எந்த வகைச் செல் கெட்டது என்று கண்டுபிடிப்பார்கள். செலவைக் குறைக்கலாம் என்று இந்தச் சோதனைகளைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள். மருந்துத் திட்டம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

வகைகள் நான்கு பெரும் பிரிவு. வேகமாக ஓடும் தீவிர வகையில் லிம்போ, மைலாய்டு என்று இரண்டு, மெதுவாக நகரும் நாள்பட்ட வகையிலும் அதே இரண்டு. லிம்போசைட்டின் வழியில் வருவது லிம்போ, மற்ற இரத்த அணுக்களின் வழியில் வருவது மைலாய்டு. குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பாலானது தீவிர லிம்போ வகை. இரண்டு வயது முதல் ஐந்து வயதுவரைதான் அது உச்சம். தீவிர மைலாய்டு வகை பெரியவர்களிடம் கூடுதல், சிகிச்சையும் கடினம். ஆனால் அதன் ஓர் உட்பிரிவான புரோமைலோசைட்டிக் வகைக்கு, வைட்டமின் ஏ சார்ந்த மாத்திரையும் ஆர்சனிக் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். முதல் சில நாள் இரத்தக்கசிவைத் தாண்டுவதுதான் அதில் கண்டம். நாள்பட்ட லிம்போ வகை முதியோர் நோய். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்தே தேவைப்படாது.

நாள்பட்ட மைலாய்டு வகையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊர்களில் நாற்பது ஐம்பது வயது உழைப்பாளிகளுக்கு வருவது அது. ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் வருகிறது. அந்தப் பழுதைக் குறிவைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட வழக்கை 2013 ஏப்ரல் 1 அன்று நம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் விலை குறைந்த மாத்திரை தொடர்ந்து கிடைப்பது உறுதியானது. இன்று அந்த மாத்திரையைத் தினமும் விழுங்கிவிட்டு மாந்தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். "பிளட் கேன்சர்" என்ற ஒரே சொல்லைக் கேட்டு எல்லோரும் ஒரே முடிவை எண்ணிக்கொள்வது சரியல்ல. எந்த வகை என்று தெரியும்வரை எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

காரணம் என்ன என்றுதான் உங்கள் அக்கா இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பார். உறுதியாகத் தெரிந்த காரணங்கள் சில. அதிகக் கதிர்வீச்சு: 1945இல் ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களிடம் அடுத்த சில ஆண்டுகளில் இந்நோய் பெருகியது. பென்சீன் என்ற வேதிப்பொருளோடு நெடுங்காலம் வேலை செய்வது: இது பெரியவர்களின் மைலாய்டு வகையைக் கூட்டும். டவுன் நோய்க்குறியோடு பிறந்த குழந்தைகளுக்கு வாய்ப்பு பத்து இருபது மடங்கு அதிகம். பூச்சிமருந்துக்கும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இந்தப் பையனுக்கு இந்த மருந்தால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தக்காளிக்கும் மாமரத்துக்கும் ரோஜாவுக்கும் மருந்தடிக்கும் வீடுகளில் குழந்தைகளை அன்றைக்கு வேறிடத்துக்கு அனுப்புவதும், காலி டப்பாவைத் தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் எப்படியும் செய்ய வேண்டியவை. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் என்று சுட்ட எதுவுமே இருப்பதில்லை. செல் பிரியும்போது தற்செயலாக நேர்ந்த பிழை அது.

சொந்தத்தில் கட்டியதாலா என்பதற்கும் நேராகவே சொல்கிறேன்: இல்லை. நெருங்கிய உறவில் மணமுடித்தால் தலசீமியா போன்ற பரம்பரை நோய்களும், மிக அரிதான சில மஜ்ஜை நோய்களும் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. குழந்தைகளுக்கு வழக்கமாக வரும் லுகேமியா அந்தக் கணக்கில் சேராது. மாமியாரோ பங்காளிகளோ அக்காவைக் குத்திப் பேசினால் தாய்மாமன் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். அவர் செய்ததாலோ செய்யாததாலோ இது வரவில்லை. ஒட்டுவாரொட்டியும் அல்ல. பையன் குடித்த டம்ளரில் தங்கை குடித்தால் அவளுக்கு வராது. அவளுடைய சளிதான் அவனுக்கு ஆபத்து.

நோய் தெரிவதற்கு முந்தைய வாரங்களில் நம் பக்கத்தில் நடக்கும் சில செயல்கள் எனக்கு மிகுந்த வேதனை தருகின்றன. காய்ச்சலும் மூட்டு வலியும் என்றதும் டெக்ஸாமெத்தசோன் ஊசியோ ஸ்டீராய்டு மாத்திரையோ கொடுப்பது அவற்றில் முதலாவது. ஸ்டீராய்டு இந்த லிம்போ செல்களைக் கொல்லும் மருந்து. அரைகுறையாகக் கொடுத்தால் பிளாஸ்ட் செல்கள் சில வாரம் மறைந்து, குழந்தை தேறியதுபோல் தெரிந்து, பிறகு நோய் இன்னும் முரண்டுபிடித்துத் திரும்பும். பரிசோதனைக்கு முன் அப்படி ஏதேனும் கொடுத்திருந்தால் பெரிய மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தட்டணு குறைந்த குழந்தைக்கு இடுப்பில் ஊசி போடுவதும், ஐபுப்ரூபென், ஆஸ்பிரின் கொடுப்பதும் கூடாது. டெங்குக்குக் கொடுத்துப் பழகிய பப்பாளி இலைச்சாறு இதற்குப் பயன்படாது. தட்டணுவை உண்டாக்க வேண்டிய இடமே அடைபட்டிருக்கும்போது எந்தச் சாறும் அதை உண்டாக்காது. பேரீச்சை, பீட்ரூட், முருங்கைக்கீரையும் அப்படியே. உணவாகச் சமைத்துச் சாப்பிடட்டும், மருந்தாக நம்பிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

சுடுகாட்டு மல்லி என்று நாம் அழைக்கும் நித்தியகல்யாணியைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற மருந்து எடுக்கப்படுகிறது, பையனுக்கும் அநேகமாக அதைத்தான் கொடுக்கப்போகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் தேறும் மருந்து அது. மில்லிகிராம் கணக்கில், சிரை என்ற இரத்தக் குழாய் வழியாக மட்டுமே செலுத்த வேண்டிய நஞ்சு. வேலியோரத்தில் பறித்த இலையை அரைத்துக் குடித்தால் அளவும் தெரியாது, கூட என்னென்ன உள்ளே போகிறது என்றும் தெரியாது. கொடுக்காதீர்கள்.

இரத்தம் ஏற்றினால் சரியாகாதா என்றால், ஏற்றிய சிவப்பணுக்கள் சில வாரம் ஓடும், தட்டணுக்கள் சில நாள். மருந்து வேலை செய்யும்வரை உயிரைத் தாங்குவதற்கு அவை இன்றியமையாதவை. நோயை அவை தொடுவதே இல்லை. நோயைத் தொடும் மருந்து முதன்முதலாகக் கிடைத்ததில் ஒரு தென்னிந்தியரின் பங்கு இருக்கிறது. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். போலிக் அமிலம் செல்கள் பெருகத் தேவை. அதைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற பொருளை அவருடைய குழு உருவாக்கியது. பாஸ்டனில் மருத்துவர் சிட்னி பார்பர் அதை லுகேமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் வெளியான அவருடைய கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது பதிவாகியிருக்கிறது. அதுவரை சில வாரங்களில் கைவிட்டுப்போன நோய் அது. அந்த மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டைத்தான் இன்றும் கொடுக்கிறோம். சிகிச்சை நடக்கும்போது "இரத்தம் ஊற" என்று போலிக் அமில டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சிகிச்சை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை ஆண்டு. முதல் மாதம்தான் கடினம். ஸ்டீராய்டு, வின்கிரிஸ்டின், அஸ்பராஜினேஸ், தேவைக்கேற்ப வேறொரு மருந்து, முதுகில் ஊசி. செல்கள் கூட்டமாகச் சாகும்போது அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் என்பதால் சிரைவழித் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டால் முகம் உப்பும், அகோரப் பசி எடுக்கும். நள்ளிரவில் எழுந்து சோறு கேட்பான், கொடுங்கள். முடி கொட்டும், மீண்டும் முளைக்கும். மலச்சிக்கலும் தாடை வலியும் வரலாம், பாதம் தொய்ந்து நடையில் தடுமாறலாம். இவையெல்லாம் மருத்துவர்கள் எதிர்பார்ப்பவைதான், ஆனாலும் ஒவ்வொன்றையும் சொல்லுங்கள்.

நான் உங்களிடம் மன்றாடிக் கேட்கும் விஷயம் இந்த முதல் மாதத்துக்குப் பிறகுதான் வருகிறது. அந்த மாத முடிவில் பெரும்பாலான குழந்தைகளின் இரத்தத்தில் பிளாஸ்ட் மறைந்துவிடும். முகம் தெளிந்து, பையன் ஓடி விளையாடுவான். "நோய் கட்டுக்குள் வந்துவிட்டது" என்று மருத்துவர் சொல்வார். அதைக் "குணமாகிவிட்டது" என்று கேட்டுக்கொண்டு ஊருக்கு வந்து, பிறகு போகாமலே இருந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. தொடக்கத்தில் உடம்பில் ஏறத்தாழ லட்சம் கோடி லுகேமியா செல்கள் இருக்கும். நுண்ணோக்கியில் எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நிலையிலும் ஆயிரம் கோடிவரை மிச்சம் இருக்கலாம். இரண்டாண்டு மருந்து அந்த மிச்சத்துக்காக. இடையில் விட்டுத் திரும்பி வரும் நோய் முதல் நோயைப்போல் மருந்துக்குப் பணியாது. அறுவடை, திருவிழா, கையில் காசில்லை என்று எந்தக் காரணத்துக்காகவும் தவணையைத் தள்ளாதீர்கள். காசுதான் தடை என்றால் அதை வெட்கப்படாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

பிற்பகுதியில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே மாத்திரை. மெர்காப்டோப்யூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டும். வார மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே உலை. வீட்டில் ஒருவர் மட்டும் மாத்திரைக்குப் பொறுப்பு, கிழமையை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் காலத்தில் வெப்பமானி ஒன்று அவசியம். 100.4 டிகிரி தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம், விடியட்டும் என்று இருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பாலக்கோட்டிலிருந்து நள்ளிரவில் பெங்களூருவுக்கோ சென்னைக்கோ ஓட முடியாது. அதனால் 108ஐ அழைத்துத் தருமபுரிக்குப் போய், "கீமோ குழந்தை, காய்ச்சல்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி உள்ளே போவதுதான் குறிக்கோள். சிகிச்சைத் திட்டம் எழுதிய தாளின் நகலைக் கையோடு வைத்திருங்கள். சாப்பாட்டில் பெரிய பத்தியம் எதுவும் இல்லை. அன்றன்று சமைத்த சூடான களியும் சோறும் முட்டையும் குழம்பும், கொதித்து ஆறிய தண்ணீர், தோலுரிக்கும் பழம் போதும். ஆட்டு ஈரலை அரைவேக்காட்டில் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். பையனுக்கோ தங்கைக்கோ தடுப்பூசி, சொட்டு மருந்து எதுவானாலும் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்டபின்தான்.

பிழைப்பானா? வகை இன்னும் தெரியவில்லை, ஆகவே வாக்குத் தர முடியாது. ஆனால் ஒன்று முதல் பத்து வயதுக்குள் இருப்பதும், வெள்ளணு 50,000க்குக் கீழே இருப்பதும் நல்ல அறிகுறிகள், அவனுக்கு இரண்டும் இருக்கின்றன. தீவிர லிம்போ வகையில் செல்வந்த நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் நாட்டின் நல்ல மையங்களிலும் முழுச் சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பான்மையோர் குணமடைகிறார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மஜ்ஜை மாற்று தேவைப்படாது. ஒருவேளை பின்னால் தேவைப்பட்டால் உடன்பிறந்தவரோடு பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்தில் மணமுடித்த குடும்பங்களில் பெரியப்பா, சித்தி வழியிலும் பொருத்தம் கிடைப்பதுண்டு. இதை முன்னிட்டு, இரத்தம் ஏற்ற நெருங்கிய இரத்த உறவினர்கள் கொடுக்காமல் ஊர்க்காரர்களும் நண்பர்களும் கொடுப்பது நல்லது.

எங்கே போவது? பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் எல்லாமே இந்த நோயை நன்கு அறிந்த இடங்கள். எது சிறந்தது என்பதைவிட எந்த இடத்துக்கு இரண்டாண்டு தவறாமல் போய்வர முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். கர்நாடகாவுக்குப் போவதாக இருந்தால் அந்த மருத்துவமனையில் அட்டை செல்லுமா என்று அங்கேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நிலத்தை விற்பதைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். ரயிலில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகையும் இருக்கிறது, மருத்துவமனை தரும் படிவம் வேண்டும். பாலக்கோடு, தருமபுரி இரண்டிலும் ரயில் நிலையம் இருப்பது உங்களுக்கு வசதி. கிருஷ்ணகிரி நகரத்தாருக்கு அதுகூட இல்லை.

பையனிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். இரத்தத்தில் நோய் வந்திருக்கிறது, நீ குறும்பு செய்ததால் வரவில்லை, ஊசி போடுவார்கள், வலிக்கும், அம்மா பக்கத்திலேயே இருப்பாள் என்று சொன்னால் ஐந்து வயதுக்குப் புரியும். வலிக்காது என்று சொல்லி ஒரு முறை ஏமாற்றினால் அடுத்த ஒவ்வொரு ஊசிக்கும் நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும்.

மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வந்ததும் எந்த வகை, லிம்போ என்றால் அதன் உட்பிரிவில் பி வகையா டி வகையா என்று எழுதுங்கள். மருத்துவரிடம் அடுத்து என்னென்ன கேட்க வேண்டும் என்பது அதைப் பொறுத்து மாறும்.